ஜெயசீலியிடமிருந்து பதில் வராத இரண்டு மணி நேரம்

சாப்பாட்டு மணி அடித்த பிறகு பேரணாம்பட்டிலிருந்து ஜெயசீலியின் தங்கை போனில் கூப்பிட்டார். "அக்கா போய்ட்டாங்க சார்" என்றார். கேண்டீனில் திறந்த டப்பாவை மூடிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பிவிட்டேன்.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்த்த ஜெயசீலியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். நாற்பது வயதுக்கு மேல் அவர் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டது சிலருக்குத்தான் தெரியும். எஞ்சின் இல்லாத விமானம் அது; அவர் ஓட்டியது ஒருவர் மட்டுமே உட்காருவது. மாதம் ஒரு ஞாயிறு ரயிலேறி, கர்நாடக எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு கிளைடர் கிளப்பின் சின்ன ஓடுபாதைக்குப் போவோம். தரையில் ரேடியோவோடு நிற்பது என் வேலை.

மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்தால்தான் கிளைடர் உயரத்தில் நிற்கும்; அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று உடனுக்குடன் சொல்லும் கருவி வேரியோமீட்டர். அதில் எலெக்ட்ரானிக் வகை ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பர்ச்சேஸ்காரன் புத்தியில் நான் பெரிய வண்ணத்திரை உள்ளதைச் சிபாரிசு செய்தேன். அவரோ, ஏறும்போது கீச்சென்றும் இறங்கும்போது முனகியும் ஒலிக்கிற சின்னதை எடுத்தார். "கண்ணு வெளிய இருக்கணும்பா. காது சும்மாதானே இருக்கு" என்றார்.

அதற்குத் தனி பேட்டரி வேண்டும் என்றும் சொன்னார். ரேடியோவுக்கு இருக்கிற பேட்டரியே போதும், இன்னொன்று வைத்தால் வெயிட்தான் ஜாஸ்தி என்று நான் வாதாடினேன். ஏனோ விட்டுக்கொடுத்தார்.

அதை மாட்டிய முதல் ஞாயிறு, மேலே போனதும் ஒருமுறை ரேடியோவில் பேசினார். அப்புறம் சத்தமே இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வானத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் போனது. கிளப்காரர்கள் தேடிப்போக ஜீப்பை எடுத்துவிட்டார்கள். அவர் தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, கிளைடர் கிழக்கேயிருந்து தாழ வந்து இறங்கியது.

ஓடிப்போய் ஏன் பேசவில்லை என்று கேட்டேன்.

"நான் ரேடியோல பேசினா வோல்டேஜ் இறங்கி வேரியோமீட்டர் அணைஞ்சிடுது. திரும்ப வர்றதுக்குள்ள நானும் இறங்கிடறேன். நீயா, அதுவான்னு பார்த்தேன்."

என் குரல் கேட்டதா என்றேன்.

"எல்லாமே கேட்டுச்சு" என்றார்.

அடுத்த மாதம் நானே தனி பேட்டரி வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகும் அவர் மேலேயிருந்து பேசியது கம்மிதான். பேட்டரியில் குறையா என்று கேட்டதற்கு, "அது நல்லாதான் இருக்கு சேகர். மேல யாரும் இல்லாம இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். திரும்பும் ரயிலில் நான் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன். அத்தனை ஞாயிறுகளும் அவருக்குத் துணையாகப் போகிறேன் என்று நினைத்திருந்தவன் நான்.

அவருடைய கடைசி வாரத்தில், பாகாயம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். பேசிப் பேசி அவருக்கு மூச்சு வாங்கக் கூடாதென்று கொஞ்ச நேரத்திலேயே எழுந்தேன். சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "பேச வேணாம். போகாத" என்றார். தங்கை வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. யாரும் வேண்டாம் என்று பறந்தவர் என்னை இருக்கச் சொன்ன அந்தச் சாயங்காலம் எனக்கு இருக்கிறது.