சனிக்கிழமை முடிச்சு

எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பாறையைத் துளைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தோம். துளைபோடும் இயந்திரத்தை ஓட்டியவர் ஆலங்காயத்துக் கிறிஸ்தவர். முழங்கை வரை கிரீஸ், காதில் எப்போதும் பஞ்சு. சனிக்கிழமை சாயங்காலமானால் இயந்திரத்தைத் துடைத்து, தார்ப்பாயால் மூடி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார். திங்கட்கிழமை வரை யாரும் தொடக் கூடாது.

ஒரு சனிக்கிழமை மேகம் திரண்டு நின்றது. மழைக்கு முன்னால் வேலை முடியட்டும் என்று மறுநாளும் ஓட்டச் சொன்னேன்.

"ஆறு நாள்ல பூமியப் படைச்சிட்டு ஏழாம் நாள் கர்த்தரே ஓய்ஞ்சிட்டாரு சார். நான் இன்னா அவருக்கு மேலயா?"

"இந்தப் பாறைக்கே வயசு இருநூறு கோடிங்க."

"பூமிக்கே ஆறாயிரந்தான் சார்."

வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றேன். "நிறுத்திக்குங்க" என்றார்.

கடைசியில் நானே இறங்கி வந்தேன். "சரி, வேதத்துல சொல்ற ஒரு நாள், நம்ம கணக்குல கோடி வருஷமா இருக்கலாம் இல்லையா?"

அவர் முடிச்சை இன்னொரு தரம் இழுத்து இறுக்கினார்.

"ஒரு நாளே கோடி வருசம்னா, எனக்கு நாயித்துக்கெழம எப்ப சார் வரும்?"

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். மழை கொட்டியது. திங்கட்கிழமை விடியும்போதே வந்து, ஈரக் கயிற்றை அவரே அவிழ்த்தார்.

பாறையின் வயதில் நான் இன்றும் இருநூறு கோடிக் கட்சிதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் கட்சி.