தையலுக்கு ஆகாத பக்கம்

தேனி ஆஸ்பத்திரியில் என் மச்சானுக்கு அடுத்த கட்டிலில் வயிற்றில் ஆபரேஷன் ஆகிக் கிடந்த கணவருக்குப் போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார் ஒரு ராயப்பன்பட்டி அம்மா. கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. நாலு வரி கேட்டதுமே தெரிந்துவிட்டது, அது நான் எழுதிய நகைச்சுவைப் புத்தகம்.

எழுதியவன் நான்தான் என்று சொல்லாமல், “இத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“படிச்சவுகளே புத்தகத்துக்கு, இது இன்னாருக்கு ஆகும்னு டேக் போட்டு வைக்கிற ஆப் இருக்குண்ணே. இவுக நகைச்சுவைதான் கேப்பாக. வெறும் ‘நகைச்சுவை’ன்னு தேடுனா, விழுந்து விழுந்து சிரிக்கிறதா வருது. தையல் பிரிஞ்சா யாரு பாக்குறது? கூடவே ‘ஆபரேஷன்’னு சேத்துப் போட்டேன். நம்மள மாதிரி ஆஸ்பத்திரியில கெடந்தவுக டேக் போட்டதுல இதுதான் மொதல்ல வந்துச்சு.”

“சிரிப்பே வராதா?”

“அந்தப் பயமே இல்லண்ணே. வலியில பொட்டுத் தூக்கமில்லாம கெடந்த இவுக, இதக் கேட்டுத்தான் கண்ணசருறாக. ஒரே ஒரு பக்கம் மட்டும் தையலுக்கு ஆகாது. அதத் தள்ளிவிட்டு வாசிப்பேன்.”

எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்துக் கட்டிலைக் காட்டினார். கணவர் தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் நான் போனபோது அவர்கள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அதன் பிறகு என் புத்தகத்தை நானே பலமுறை படித்துவிட்டேன். அந்தப் பக்கம் எதுவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.