வட்டிலப்பம் மணந்த படிக்கட்டு

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு சனிக்கிழமை பிற்பகல், சிங்கப்பூர் தேக்கா சந்தையின் மேல்மாடியில், துணிக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் நடந்தது இது.

அதைச் சொல்லுமுன் என் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோறில்லாமல்கூட ஒரு நாள் இருந்துவிடுவேன். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் வாயில் போட ஏதாவது இனிப்பு இல்லையென்றால் எனக்குச் சாப்பிட்டதாகவே தோன்றாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் சோதித்துப் பார்த்த டாக்டர், "சர்க்கரை வாசல் வரைக்கும் வந்து நிக்குது. இப்பவே கதவைச் சாத்திட்டா மாத்திரை தேவைப்படாது" என்றார். சாத்தினேன், ஒரேயடியாக. தேநீரில் சீனி இல்லை. தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டி இல்லை. அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வெட்டும் நேரத்தில் நான் கழிவறையில் இருப்பேன்.

பெருநாள் வந்தது. எங்கள் வீட்டில் பெருநாள் என்றால் வட்டிலப்பம். தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய், இங்கே குலா மலாக்கா என்று விற்கிற கறுப்பு வெல்லம் எல்லாவற்றையும் கலந்து ஆவியில் வேகவைப்பது. அந்த முறை கரண்டி நுனியைக்கூட நாக்கில் வைக்காமல் செய்தேன். என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நீ ருசி பாக்காமலே இப்படி வந்திருக்கே, இனிமே இப்படியே செய்" என்றார். பாராட்டுத்தான். ஆனால் நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். ஒரு துண்டு வட்டிலப்பத்துக்காகத் தாய் அழுவதைத் தோளுயரப் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அதற்குப் பிறகு கனவுகள் தொடங்கின. பாசிர் ரிஸிலிருந்து தஞ்சோங் பகாருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் கண் அசந்தால் போதும். பெட்டி மெல்ல மெல்லப் பொன்னிறமாகும். கைப்பிடிகள் இருக்கும் இடத்தில் ஜிலேபிகள் தொங்கும், பாகு சொட்டாமல். கதவு திறந்தால் நிலைய மேடை முழுக்க அல்வா. மனிதர்கள் கால் புதையப் புதைய நடப்பார்கள், ஒருவருக்கும் அவசரம் இருக்காது. நான் குனிந்து ஒரு விள்ளல் எடுப்பேன். வாயருகே கொண்டுபோகும்போது அடுத்த நிலையத்தின் பெயரை அறிவித்துவிடுவார்கள். ஒருமுறைகூட நான் அதைச் சாப்பிட்டதில்லை. கனவிலும் பத்தியம்!

இனிப்பை விட்டதில் உடம்பு இளைத்தது. சுடிதார்கள் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. அவற்றைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கத்தான் அன்று தேக்காவுக்குப் போனேன். தையல்காரர், "கொஞ்சம் சுத்திட்டு வாங்க, முடிச்சு வெச்சிடுறேன்" என்றார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீழே மல்லிகைச் சரங்கள், மேலே புதுத்துணியின் கஞ்சி வாடை, எங்கிருந்தோ வடை பொரியும் எண்ணெய், எல்லாமே ஈரக்காற்றில் ஒன்றோடொன்று கலந்து மிதந்தன. சேலைக் கடைகளின் விளக்குகள் ஈரத்தரையில் கரைந்து கிடந்தன. பாதித் தூக்கத்தில் நடப்பவளைப் போல நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வட்டிலப்பம்.

நின்றேன். சுற்றிலும் பார்த்தேன். சேலைகள், வளையல்கள், தொங்கும் குர்த்தாக்கள். உணவுக் கடைகளெல்லாம் கீழ்த்தளத்தில். அங்கேயும் வட்டிலப்பம் யாரும் வேகவைப்பதில்லை. ஆனாலும் சந்தேகமே இல்லை. வெல்லம் உருகித் தேங்காய்ப்பாலோடு சேரும் அந்த நொடியின் வாசனை அது. கனவு ரயிலை விட்டு இறங்கி என்னைத் தேடி வந்துவிட்டது போல இருந்தது. கால்கள் தாமாகவே நடந்தன. கடைசிக் கடையைத் தாண்டி, பின்பக்கக் கதவைத் தள்ளி, படிக்கட்டுக்கு வந்தேன்.

வெளிச்சத்தில் ஒரு வெண்புகைச் சுருள் தயங்கித் தயங்கிக் கலைந்துகொண்டிருந்தது. மேல்படியில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கையில் இருந்ததை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஸாரி ஆன்ட்டி, போயிடறேன்."

"போக வேணாம்மா. இந்த வாசம் எங்கேருந்து வருது?"

திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாள். வியப்பும் சிரிப்புமாகக் கையை விரித்தாள். உதட்டுச்சாயக் குழல் போல ஒரு சின்னப் பொருள். "குலா மலாக்கா கஸ்டர்ட். ஃப்ளேவர் ஆன்ட்டி."

மின்சிகரெட். இந்த ஊரில் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் திரும்பிப் போயிருக்க வேண்டும், அல்லது நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாசனை என் காலைக் கட்டிப்போட்டது. சேலை விற்கும் இடத்துக்குப் பின்னால், முன்பின் தெரியாத பெண்ணின் பக்கத்தில், ஈரம் காயாத படியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ரவிக்கை அளவு பார்க்க வந்திருக்கிறாள். நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்த சொந்தக்காரர்கள் அவள் உடம்பைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்களாம். அன்றோடு சோற்றையும் இனிப்பையும் விட்டுவிட்டாள்.

"ஆபீஸ் ஃப்ரெண்டுதான் இதைக் குடுத்தா. பசிக்கிறப்ப ரெண்டு இழுத்தா போதும்னு சொன்னா. மேங்கோ புட்டிங், டிரமிசு, சாக்லேட் லாவா, எல்லாம் இருக்கு ஆன்ட்டி. டேஸ்ட் இருக்கும், கலோரி இருக்காது."

"பசி போயிடுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "பசி போயிடும். ஆசைதான் போகாது லா. இழுக்க இழுக்க நிஜ ஸ்வீட் வேணும்னு இன்னும் ஜாஸ்தியாத் தோணும். உடனே மறுபடி இழுப்பேன். காலையிலேருந்து இதான் என் சாப்பாடு."

நான் என் பெருநாள் வட்டிலப்பத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "வெட்டுறப்ப ஆடுமா?" என்றாள். "ஆடும், ஆனா உடையாது" என்றேன். "மேல லேசா ஓட்டை ஓட்டையா இருக்குமா?" "இருக்கும். அதுக்குள்ளதான் பாகு தேங்கி நிக்கும்." பூட்டிய கடைக்கு வெளியே நின்று உள்ளே என்னென்ன இருக்கும் என்று பேசிக்கொள்கிற இரண்டு பேரைப் போல இருந்தோம். வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியவில்லை.

"ஒரு தடவை இழுத்துப் பாருங்க ஆன்ட்டி. சுகரே கிடையாது" என்று அதை நீட்டினாள். "இது புதுசு. நேத்துதான் வேற ஒருத்தன்கிட்ட வாங்கினேன்."

வாங்கிக்கொண்டேன். சிகரெட்டைத் தொட்டறியாத நான் வாங்கிக்கொண்டேன். பறவைக்குஞ்சைப் போல அது கைக்குள் லேசாகச் சுட்டது. சர்க்கரை இல்லை என்கிறாளே. டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு முறை, வாசனை மட்டும்தானே? வாயெல்லாம் நீர் ஊறியது. அதை உதட்டருகே கொண்டுபோனேன்.

படியில் ஏதோ தடதடவென்று உருண்டது. அவள் மடியிலிருந்து கைப்பேசி நழுவிக் கீழே போய்க்கொண்டிருந்தது. "உன் போனும்மா" என்று திரும்பினேன்.

அவள் கண்கள் திறந்திருந்தன. பார்வை இல்லை. விரல்கள் உதறின. உட்கார்ந்த நிலையிலேயே உடம்பு மெல்ல முன்பக்கமாக, படிக்கட்டின் ஆழத்தை நோக்கிச் சாய்ந்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அவள் தோளை எட்டிப் பிடித்தேன். பிடித்தபோதுதான் தெரிந்தது, சட்டைக்குள் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு பேருமாக ஒரு படி சறுக்கி நின்றோம். அவளை என் மேல் சாய்த்துக்கொண்டு கத்தினேன். கடைகளின் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

என் கைப்பேசியை எடுத்தேன். அதற்குள் அவளுக்கு லேசாக நினைவு வந்தது. கைப்பேசியைப் பார்த்துவிட்டாள்.

"ஆம்புலன்ஸ் வேணாம் ஆன்ட்டி... ப்ளீஸ்... கேஸ் ஆயிடும். வேலை போயிடும். கல்யாணம்..." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க, சரியாயிடும். யாருக்கும் சொல்லாதீங்க."

உண்மையைச் சொல்கிறேன், நான் தயங்கினேன். என் மகளை விட நாலைந்து வயதுதான் பெரியவள். ஒரு மாதத்தில் மணவறை. தண்ணீர் கொடுத்து, ஏதாவது சாப்பிடவைத்து, வாடகை வண்டியில் ஏற்றிவிட்டால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. அப்போது அவள் தலை மறுபடி தொங்கியது. உதடு வெளுத்திருந்தது. அவள் விரல்களை என் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன்.

வந்தவர்களில் ஒரு மலாய்ப் பெண் என்னிடம், இவள் ஏதாவது உட்கொண்டாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த நேரத்தில் இவளுக்கு நினைவு இருந்தது. என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் குனிந்து, படியோரம் கிடந்த அந்தக் குழலை எடுத்து மலாய்ப் பெண்ணிடம் கொடுத்தேன். அந்த நொடியில் இவள் முகத்தில் வந்ததை என்னால் மறக்க முடியாது. நம்பிப் பக்கத்தில் உட்காரவிட்டவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற பார்வை.

கீழே கிடந்த அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். வழியில் அவள் கைப்பேசி ஒலித்தது. உடைந்த திரையில் 'அம்மா' என்று வந்தது. நான்தான் எடுத்துப் பேசினேன். எந்த மருத்துவமனை என்று சொன்னதைத் தவிர வேறு என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அந்த அம்மா பாதி பின்னிய கூந்தலோடு ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னேன். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெலிஞ்சிட்டா மெலிஞ்சிட்டான்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம்ங்க. பிள்ளை என்னா சாப்பிடுறான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். அவரோடு நானும் அழுதேன். கிளம்பும்போது திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் விழித்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அவள் அம்மா தொலைபேசியில் பேசினார். அந்தப் புதுக் குழலில் மயக்க மருந்து ஏதோ கலந்திருந்ததாம். வெறும் வயிற்றில் அது வேலையைக் காட்டிவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பேசி முடித்த பிறகும் நான் சோபாவை விட்டு எழவில்லை. அந்தக் கைப்பேசி கொஞ்சம் தாமதமாக நழுவியிருந்தால் நானும் அதை இழுத்திருப்பேன். யாரும் வராத அந்தப் படிக்கட்டில் இரண்டு பேரும் கிடந்திருப்போம். அழைக்க ஆளிருந்திருக்காது.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போனபோது, எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டதையும் கனவுகளையும் சொன்னேன். உணவு ஆலோசகர் சிரித்தார். "உங்களை யாரு இவ்ளோ கஷ்டப்படச் சொன்னது? எப்பவாவது ஒரு சின்னத் துண்டு சாப்பிடுங்க. உக்காந்து, மெதுவா, ருசிச்சு" என்றார். அப்படியே செய்கிறேன். ரயிலில் இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது. அவ்வளவுதான், அல்வா மேடையெல்லாம் வருவதில்லை.

ஆனால் அவளுடைய அந்த முகம் மட்டும் போகவில்லை. கல்யாணத் தேதி கடந்துபோனது. என்ன ஆயிற்று என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஆன்ட்டி... தேக்கா படிக்கட்டு."

"எப்படிம்மா இருக்கே?"

"உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன். தெரியுமா?"

"தெரியும்மா."

"அதை நீங்க குடுக்காம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதுன்னு டெய்லி நினைப்பேன். அப்புறம் ஒரு நாள் டாக்டர் சொன்னாரு, அது கைக்குக் கிடைச்சதாலதான் என்ன கலந்திருக்குன்னு சீக்கிரம் தெரிஞ்சதுன்னு." அபராதம் கட்டியதையும், ஆலோசனை வகுப்புக்குப் போய்வருவதையும் பிறகு சொன்னாள். கல்யாணம் தள்ளித்தான் போயிருக்கிறது, நின்றுபோகவில்லை. மாப்பிள்ளையும் வகுப்புக்குக் கூடவே வந்து வெளியே காத்திருக்கிறாராம். ரவிக்கையை மறுபடி பிரித்துத் தைக்க வேண்டுமாம்.

பேச்சுக்கு நடுவே தட்டின் சத்தம் கேட்டது. "என்னம்மா பண்ணிட்டிருக்கே?" என்றேன்.

"சாப்பிட்டுக்கிட்டே பேசுறேன் ஆன்ட்டி."

"என்ன சாப்பாடு?"

"தோசை. மூணாவது."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவளும் துடைத்திருப்பாள்.

அவள் அழைக்காமலே இருந்திருக்கலாம், வாழ்நாள் முழுக்க என்னை வெறுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். வெறுப்பதற்காவது அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் அன்று அந்த விரல்களைப் பிரித்தேன் என்பது இப்போது யோசிக்கும்போதுதான் எனக்கே புரிகிறது.