ரோகு மீனுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

மீன் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவனுக்குப் பாதி வேலை கல்யாணத் தரகு. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையை, அதிலிருந்த தாய் மீன்களோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து ரோகு குஞ்சு விற்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கிறவர்களே, கொஞ்சம் என் கதையையும் கேளுங்கள்.

வளைந்த முதுகு

திருவந்திபுரம் செல்வராசு என்னிடம் குஞ்சு வாங்கிக் குளத்தில் விட்டவர். ஒரு நாள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மீனை என் மேசைமேல் போட்டார். முதுகு வளைந்திருந்தது, வளர்ச்சியும் இல்லை. அடுத்த முறையும் இப்படியென்றால் வேறு பண்ணைக்குப் போய்விடுவேன் என்றார். அவர் போனால் அந்தப் பக்கத்துக் குளத்துக்காரர்கள் மொத்தமும் போய்விடுவார்கள். அப்புறம் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

என் குளத்துத் தாய் மீன்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக அண்ணன் தங்கைகள், அதனால்தான் இந்தக் கோளாறு, மழைக்கு முட்டையிடுவதற்குள் வெளியிலிருந்து ஆண் மீன் கொண்டுவந்துவிடுகிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நான்கூட எங்க மாமா பொண்ணத்தான் கட்டியிருக்கேன். எம் புள்ளைங்க நேராத்தான் சார் நிக்குதுங்க.”

மிச்ச மீன்

சரி, இருக்கிறதிலாவது நன்றாக வளர்ந்ததைத் தாய் மீனாக ஒதுக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. பண்ணையைப் பார்த்துக்கொள்வது என் மனைவியின் தம்பி பாஸ்கர். நான் மஞ்சக்குப்பத்து மீன்துறை ஆபீசுக்குப் போய்த் திரும்புவதற்குள் வலை போட்டு, கொழுத்ததையெல்லாம் வியாபாரிக்கு ஏற்றிவிட்டான். சோனியாகக் கிடந்ததை மட்டும் முட்டைக்கென்று விட்டுவைத்திருந்தான். ஆத்திரத்தில் வலையைப் பிடுங்கிக் கரையில் எறிந்தேன். அவன்தான் என்னைச் சமாதானப்படுத்தினான்: “வெல போற மீன யாராச்சும் கொளத்துலயே உட்டு வெப்பாங்களா மாமா?”

சம்பந்தி வீடு

கடைசியில் கடலூர்ப் பக்கம் பொரிப்பகம் வைத்திருக்கும் அந்தோணிசாமியைப் பிடித்தேன். ஆணுக்கு ஆண் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. டேங்க்கில் ஏற்றி, காற்று விட்டு, தண்ணீர் தளும்பாமல் வேனை உருட்டிக்கொண்டு வந்து குளத்தில் விட்டேன். அப்போதுதான் மனசு குளிர்ந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை என்று சொல்லப் போன் செய்தபோது, இந்த மீன் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று சும்மா கேட்டுவைத்தேன். “தெரியாத எடத்துல எல்லாம் நான் வாங்க மாட்டேன் சார். ஒங்களுக்கு முன்னாடி ஒங்க பண்ணைய வெச்சிருந்தாரே, அவுருகிட்டதான் வாங்குனேன்.”

வானம் கறுத்துவிட்டது, பெண் மீன்கள் வயிறு நிறைய முட்டையோடு காத்திருக்கின்றன, நான் எங்கே போய்ப் பார்த்தாலும் மாப்பிள்ளை மட்டும் அண்ணனாகவே வந்து நிற்கிறான்.