அவர் வந்துபோன கடை

"நாட்டின்ர முதல் தலைவரைப் பற்றி நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ அக்கா" என்று யாராவது வந்து நின்றால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. யாழ்ப்பாணத்துத் தீவுகளில், ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் வேலை செய்கிறவள் நான். கேட்டால் சொல்லத்தான் வேண்டும். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தடித்த புத்தகம் ஒன்று, ஆதாரம் காட்டி எழுதியது, வாசிக்கப் பொறுமை வேண்டும். சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்தது ஒன்று, குறையும் நிறையும் சொல்வது. பிள்ளைகளுக்கு மெல்லியதாக ஒன்று. அதில் தலைவர் தொட்டிலில் கிடக்கும்போதே நாட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். வேறு ஊர் என்றால் இவை மூன்றும் தாராளமாகப் போதும்.

எங்கள் ஆட்களுக்குக் காணாது. ஏனென்றால் இங்கே யாரும் தலைவரைப் பற்றி அறிவதற்காகப் புத்தகம் எடுப்பதில்லை. தங்கள் கடையைத் தேடித்தான் எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கொருவர் தெற்கே சிங்கள ஊர்களுக்குப் போய்ச் சுருட்டுக்கடையோ பலசரக்குக்கடையோ வைத்திருந்த ஊர்கள் இவை. அந்தக் கடைகள் அத்தனைக்கும் தலைவர் வந்திருக்கிறார். வந்து, கதிரையில் சாய்ந்து இருந்து, தேத்தண்ணீர் குடித்து, ஒரு சுருட்டையும் பற்றவைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். நாரந்தனையில் கேட்டாலும் இதே கதை, சுருவிலில் கேட்டாலும் இதே கதை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், அப்பப்பாவின் கடை வரவில்லையென்று அந்தத் தடித்த புத்தகத்தை என் மேசையில் தொப்பென்று போட்டார். "இது சரியான புத்தகம் இல்லை அக்கா" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை கடையிலும் இருந்து சுருட்டுப் பிடித்த மனுஷனுக்கு நாட்டை ஆள எங்கே நேரம் கிடைத்தது, கடவுளே!

சரி, ஊரையாவது ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். வீட்டில் இருக்கிறவரை என்ன செய்வது?

என் அப்பாவுக்கும் இதே வருத்தம். அவர் 'ஐயா' என்று சொல்கிற அவருடைய தகப்பனார் தெற்கில் ஒரு சிறு நகரத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். பிறகு அப்பாவும் அதைத்தான் நடத்தினார். இனக்கலவரத்தில் கடை எரிந்தது. பெயர்ப்பலகை, படம், பற்றுச்சீட்டு, ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்களாம். "அவர் எங்கட கடைக்கும் வந்தவர்" என்று அப்பா சொல்லாத கிழமை இல்லை. அதற்குமேல் அவர் சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. ஊரில் கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதையை வீட்டிலும் கேட்க எனக்கென்ன விசரா?

"அங்க எங்களுக்கு ஒரு கடை இருந்தது எண்டதுக்கு ஒரு சாட்சி வேணும் பிள்ளை. புத்தகத்தில ஒரு வரி கிடந்தாக் காணும்" என்பார். கண்ணில் அழுத்தம் வந்து அவருக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கிக்கொண்டு வருகிறது. அது இருக்கும்போதே அந்த வரியைப் பார்த்துவிட வேண்டும் என்ற அந்தரம் அவருக்கு. நான் கொண்டுபோகிற புத்தகத்தையெல்லாம் முகத்தோடு ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் தடவுவார். ஏலாமல் போனதும் வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"அப்பா, இதிலையும் இல்லை."

"வடிவாப் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"அவசரப்பட்டுப் பாத்திருப்பாய். திரும்ப வாசி."

எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷி பொறுப்பாள்? போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தலைவர் தெற்கில் பயணம் போன பகுதியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்தைப் பார்த்தபடியே, குரலை மாற்றாமல், இல்லாத வரிகளை வாசித்தேன். "அந்நகரில் யாழ்ப்பாணத்துத் தீவொன்றைச் சேர்ந்தவரின் சுருட்டுக்கடைக்குத் தலைவர் சென்றார். கதிரையில் அமர்ந்து தேநீர் அருந்தினார்." ஊர்க் கதைதான், யோசிக்கவும் தேவைப்படவில்லை. இனியாவது மனுஷன் நிம்மதியாகப் படுப்பார் என்று நினைத்தேன்.

"கதிரையிலயோ?" என்றார் அப்பா.

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

"பொய்."

"ஐயோ அப்பா! இந்த வரிக்காகத்தானே இவ்வளவு நாளும் என்ர உயிரை எடுத்தனீங்கள்? இப்ப கிடக்கு எண்டாலும் பொய்யோ?"

"கத்தாதை. எங்கட கடையில கதிரை எங்க இருந்தது? இருக்க ஒரு வாங்குப் பலகைதான், அதிலையும் புகையிலைச் சிப்பம். அவர் உள்ளுக்கு வரேல்லை. கார் ஏதோ பழுதாப் போச்சு. எங்கட வாசலில வந்து நிண்டு தண்ணி கேட்டவர், ஐயா செம்பில குடுத்தவர். குடிச்சிட்டு எந்த ஊர் எண்டு கேட்டவர், ஐயா சொன்னவர். அதுக்குள்ள கார் சரியாகி வெளிக்கிட்டிட்டுது. அவ்வளவுதான்." அந்த வாங்கு கிடந்த நீளத்தைக் கையால் காட்டினார். "கதிரை ஒண்டு இருந்திருந்தா ஐயா இருத்தியிருப்பார்" என்றார்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்தேன். இந்தத் தீவுகளில் எல்லாரும் அந்த மனுஷனைக் கதிரையில் இருத்தி உபசரித்தே அனுப்பியிருக்கிறார்கள். புளுகுகிறவன் எவனும் நாட்டின் தலைவரை வாசலில் நிறுத்தி, பச்சைத் தண்ணீர் கொடுத்து அனுப்பமாட்டான். எங்கள் கடைக்கு அவர் உண்மையாகவே வந்திருக்கிறார். வழியில் நின்று ஒரு செம்பு தண்ணீர் குடித்ததை எந்தப் புத்தகக்காரன் எழுதப்போகிறான்?

"பொய் எழுதிற ஆளின்ர புத்தகம் எங்களுக்கு வேண்டாம்" என்று அப்பா கையால் தள்ளினார். "நாளைக்கு வேற ஒண்டு கொண்டு வா. உண்மையை ஆராவது எழுதியிருப்பினம்."

"ஓம் அப்பா, கொண்டு வாறன்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?