பறங்கிப் படையை எழுப்பிய நல்லம்மா

நல்லம்மாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டே அவள் பேசினால், கீழே ரோட்டில் பேராதனை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் கணபதி பழகிப்போய்விட்டான். மூன்றாம் தடவை கூப்பிட்டால்தான் "என்னா?" என்பான். நல்ல மனுஷன்தான். காது மட்டும் அவனுக்கு வேண்டியபோது வேலை செய்யும்.

பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, ரெண்டு பிள்ளை பெற்றது எல்லாம் அவளுக்கு அந்தத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில்தான். நாற்பத்தெட்டு வயதாகியும் மனசில் கிடந்த ஆசை ஒன்றே ஒன்று. மாசியில் கோயில் முன்னால் தோட்டத்து ஆட்கள் ஆடும் கூத்தில் தங்கச்சி வேஷம் கட்டவேண்டும்.

அந்தக் கூத்தில் அண்ணனும் தம்பியும் அவர்கள் படையும் சண்டையில் விழுந்துவிடுவார்கள். அதற்குப் படுகளம் என்று பேர். கையில் காப்புக் கட்டி விழுந்தவன் விழுந்தவன்தான். தங்கச்சி வந்து பாடித் தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை கண்ணைத் திறக்கக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. ஒரு வருஷம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியும் ஒருத்தரும் அசையவில்லை. களத்தை ஒரு தடவை எழுப்பியவர், அடுத்த மூன்று மாசிக்கும் தானே எழுப்பவேண்டும் என்பதும் கட்டுப்பாடு. பதினெட்டு வருஷமாக அந்த வேஷம் காளிமுத்துவிடம் இருந்தது. முன்பல் நாலு போய், "அண்ணா" என்று அவன் அழுதால் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்த மாசியோடு வேஷத்தைத் தன் மகனுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயசு. அவன் கைக்குப் போனால் இன்னும் முப்பது வருஷத்துக்கு அவன்தான். நல்லம்மா நேரே போய்க் கூத்து வாத்தியார் மூக்கையாவிடம் கேட்டாள். கணபதிக்கு அவர் தாய்மாமன்.

"பொம்பள வேஷத்த பொம்பள கட்டுனா என்னா மாமா கொறஞ்சு போகும்?"

"வழக்கம் கொறஞ்சு போகும்மா," என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அடுப்போடு மட்டும் பேசினாள்.

அந்தத் தை மாதம்தான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஜவாஹிர் என்ற இளம் டைரக்டர் படமெடுக்க வந்தார். கதை இதுதான்: இந்தக் காலத்து ராணுவக்காரர்கள் சிலர் காட்டில் வழி தவறி, கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டாம் வருஷத்துக்குப் போய்விடுகிறார்கள். கன்னொறுவையில் கண்டி ராசாவுக்கும் போர்த்துக்கீசியப் பறங்கிகளுக்கும் சண்டை நடக்கிற அன்றைக்கு. ராசா பக்கம் நின்று மிஷின் துப்பாக்கியால் பறங்கிகளைச் சுடுகிறார்கள். கன்னொறுவையில் இப்போது வீடும் ரோடும் கரண்ட் கம்பியுமாக இருப்பதால், சண்டை தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிட்டது.

"ராசா தனியாவே ஜெயிச்ச சண்டைக்கு இவங்க எதுக்கு சார்?" என்று நல்லம்மா கேட்டாள்.

ஜவாஹிர் தலையைச் சொறிந்தார். "அத யாரும் இன்னும் கேக்கல்ல அக்கா. நீங்களும் கேக்காதீங்க."

சுடுகிறவர்களாகப் பேராதனைக் கேம்பஸ் பையன்கள். சாகிற பறங்கிகளாகத் தோட்டத்து ஆம்பிளைகள் நாற்பது பேர். தேத்தண்ணி ஊற்ற நல்லம்மா. சிவப்புக் காற்சட்டையும் வெள்ளிப் பெயிண்ட் அடித்த தொப்பியுமாகக் கணபதி வந்து முன்னால் நின்றபோது, அவளுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது.

வாத்தியாருக்கு மட்டும் இது விளையாட்டாகப் படவில்லை. அத்தனை பேர் மண்ணில் பிணமாகக் கிடப்பது சும்மாவா? சூடம் கொளுத்தினார். நாற்பது பேருக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார், தானும் பறங்கியாக விழப்போவதால் தனக்கும் கட்டிக்கொண்டார். படம் பிடித்து முடித்ததும் எழுப்புவதற்காகக் காளிமுத்துவுக்கும் ஒரு காப்புக் கட்டி, அவனைச் செம்புத் தண்ணீரோடு ஓரத்தில் நிறுத்தினார்.

காளிமுத்து அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் உயரத்தைப் பார்த்த ஜவாஹிர், "அண்ணே, நீங்க கேப்டன்," என்று இறகு வைத்த தொப்பியைத் தலையில் வைத்துவிட்டார். இறகு என்றால் சும்மாவா, ஒரு முழ இறகு. அவனுக்குச் செம்பும் மறந்தது, தங்கச்சியும் மறந்தது. வாத்தியார் முதல் வரிசையிலேயே செத்துவிட்டதால் அவருக்கு இது தெரியாது. காளிமுத்து கடைசியாக ஓடிவந்து, நெஞ்சில் குண்டு வாங்கி, ரெண்டு சுற்றுச் சுற்றி விழுந்தான். என்னமாய் விழுந்தான்!

"கட்," என்றார் ஜவாஹிர்.

யாரும் எழும்பவில்லை. மறுபடி "கட்" என்றார். மைக்கிலும் சொன்னார். ஒரு கேம்பஸ் பையன் கணபதியின் தோளைப் பிடித்து உலுக்கினான். கணபதி உருண்டு கொடுத்துவிட்டுக் கிடந்தான்.

ஜவாஹிரின் முகம் வெளுத்தது. "யா அல்லாஹ், இந்த வெடிப் புகையில ஏதும் ஆயிட்டா? அக்கா, ஏன் இவங்க எழும்புறாங்க இல்ல?"

"ஒன்னும் ஆகல சார். காப்புக் கட்டிட்டாங்க. தங்கச்சி வந்து எழுப்பணும்."

"அப்ப தங்கச்சிய வரச் சொல்லுங்களேன்."

"தங்கச்சி அந்தா கிடக்கு," என்று இறகைக் காட்டினாள் நல்லம்மா.

மூன்றரை மணி. மேலேயிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. புல்லில் அட்டை வேறு. கணபதியின் கழுத்தில் ஒன்று ஏறுவதை அவள் பார்த்தாள். வீட்டில் கொசு கடித்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷன், இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தாள். வாத்தியாரின் சூடத் தட்டில் ஒரு மஞ்சள் கயிறு மிச்சம் கிடந்தது. அதை எடுத்தாள். பல்லால் ஒரு முனையைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் தானே கட்டிக்கொண்டாள். ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்குப் போய், காளிமுத்து விட்டுப்போன செம்பில் புதுத் தண்ணீர் பிடித்தாள். தெளிக்க வேப்பிலைக்கு எங்கே போவது? ஒரு கொத்துத் தேயிலையை ஒடித்துக்கொண்டாள்.

பிறகு பாடினாள்.

சின்ன வயதிலிருந்து வாய்க்குள்ளேயே பாடி வைத்திருந்த பாட்டு. மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்த லயத்துப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கேம்பஸ் பையன்கள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்கள். ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்துத் தண்ணீர் தெளித்தாள். பறங்கிகள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். கணபதி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அட்டையைப் பிய்க்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். காளிமுத்துவையும் எழுப்பினாள். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

கடைசியில் மூக்கையா மட்டும் கிடந்தார். செம்பில் ஒரு கை தண்ணீர்தான் மிச்சம். நல்லம்மா பாட்டை நிறுத்தினாள்.

"மாமா, செத்தவங்க பேசக்கூடாது. அதனால நான் பேசுறேன். களத்த எழுப்புனவங்க மூணு மாசிக்கு எழுப்பணும்னு சொன்னது நீங்க. இப்ப தெளிப்பேன். எந்திரிச்சா ஒத்துக்கிட்டீங்க. இல்லாட்டி இப்படியே கிடங்க, காளிமுத்து அண்ணன் மகன வந்து எழுப்பச் சொல்றேன். அவன் கொழும்புக்குப் போயிருக்கான், நாளைக்கு வருவான்."

தண்ணீர் முகத்தில் விழுந்தது. வாத்தியார் அசையவில்லை. ஜவாஹிர் நகத்தைக் கடித்தார். நல்லம்மா பகிடியும் கேலியுமாகப் பேசிவிட்டாளே தவிர, அவர் எழும்பாமல் போனால் அந்த ஆசை அத்தோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. அது செம்புத் தண்ணீர்தானா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் வாத்தியார் கண்ணைத் திறக்காமலே ஒரு கையை மேலே நீட்டினார். நல்லம்மா பிடித்துத் தூக்கிவிட்டாள். அவர் அவளது மணிக்கட்டைத் திருப்பி, கோணலாய்க் கிடந்த முடிச்சை அவிழ்த்து, சரியாகக் கட்டிவிட்டார்.

லயத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜவாஹிர் தயங்கித் தயங்கி வந்தார். ஒரு பறங்கி கையில் மணிக்கூடு கட்டியிருப்பது கமராவில் நன்றாக விழுந்துவிட்டதாம்.

"மன்னிச்சுக்கங்க. பனி மூடுறதுக்குள்ள எல்லாரும் இன்னொரு தடவ சாகணும்."

மூக்கையா தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கென்ன தம்பி, சாகுறோம்," என்றார். "எழுப்பத்தான் நல்லம்மா இருக்கே."