ஏணியில் இருப்பவருக்கே பேச்சு

"கிரிக்கெட்டுல யார் உசந்தவன்னு எங்கிட்டப் பேசி ஜெயிச்சவன் இந்த மலையிலயும் இல்ல, கீழ காளப்பநாயக்கன்பட்டியிலயும் இல்ல. இனிமே பொறந்து வந்தாத்தான் உண்டு."

வளப்பூர் நாட்டுக் கருப்பண்ணன் இதை மலையேறும் பேருந்தின் படியில் நின்று, ஒரு கொண்டை ஊசி வளைவில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்போது வண்டியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. அதில் பாதிப் பேர் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். என்றாலும் மறுக்கவில்லை என்பது மறுக்கவில்லை என்பதுதான்.

ஐம்பத்து நான்கு வயது. ஒன்றரை ஏக்கர் மிளகு, கொஞ்சம் பலா. மட்டையைக் கையால் தொட்டதில்லை. தொட்டவன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான், தொடாதவனால்தான் நடுநிலையோடு தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது அவர் கொள்கை. அந்த நடுநிலையோடு முப்பது வருடமாகச் சச்சின் பக்கம் நின்றார்.

மிளகு பறிப்புக் காலத்தில்தான் இந்த வாத அவை கூடும். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கும். ஆளுக்கு ஒரு மூங்கில் ஏணியைச் சாய்த்து, தோளில் சாக்குப் பையை மாட்டி, மேலே நின்று சரம் சரமாகப் பறிக்க வேண்டும். பெண்கள் கீழே உட்கார்ந்து உதிர்ந்த மிளகைப் பொறுக்குவார்கள். இன்று உன் காட்டில், நாளை என் காட்டில் என்று மூன்று குடும்பங்கள் மாறி மாறிப் பறித்துக்கொடுத்தன. கருப்பண்ணன், அவர் மனைவி அத்தாயி. அத்தாயியின் தம்பி செல்லமுத்து, அவன் மனைவி பானுமதி. பக்கத்துக் காட்டு யுவராஜும் அவன் அம்மாவும்.

அவைக்கு ஒரே ஒரு சட்டம்: ஏணியில் இருப்பவருக்கே பேச்சு. சாக்கு நிறைந்து கொட்டுவதற்கு இறங்கினால் வாதம் காலாவதி. சட்டத்தை இயற்றியவர் கருப்பண்ணன். இயற்றிய மறுவாரமே எல்லோருடையதையும்விட இரண்டு மடங்கு பெரிய சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டவரும் அவர்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் கிடையாது.

வாதத் திறமையையும் குறைத்துச் சொல்லக்கூடாது. யாரோ பிராட்மேன் பேச்சை எடுத்தபோது அவர் கேட்டது: "டெஸ்ட்டு எத்தன நாட்டுல ஆடுனாரு? சொந்த ஊரு ஒண்ணு, இங்கிலாந்து ஒண்ணு. மொளகக் காளப்பநாயக்கன்பட்டியில மட்டும் வித்துப்புட்டு உலக யாவாரின்னு போர்டு போடலாமா?" செல்லமுத்து தோனி கட்சி. அவனுக்குப் பதில்: "அவரு மேஸ்திரி மாப்ள. செவுரு கட்டுனவன் வேற, கட்டச் சொன்னவன் வேற." யுவராஜ், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, கோலி கட்சி. அவனுக்குப் பதில்: "இப்ப ரெண்டு பக்கமும் புதுப் பந்து, வழுக்கிக்கிட்டு ஓடுது. சாமி, தார் ரோட்டுல வண்டி ஓட்டிப்புட்டு மலையேறுனேங்காத." யுவராஜ் பதிலை யோசித்து முடிப்பதற்குள் அவன் சாக்கு நிறைந்துவிடும்.

இப்படியே போயிருக்கும். தை மாதம் அத்தாயி இறந்துபோனாள். வயிற்றில் கட்டி. நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கருப்பண்ணன் அழவில்லை. அழாமல் இருக்க முயன்றதாகவும் தெரியவில்லை. வந்தவர்களை வாங்க என்றார், போனவர்களுக்குத் தலையசைத்தார். பந்தல்காரனுக்குக் கால் நடும் குழியை எங்கே தோண்டுவது என்று காட்டினார். யாராவது டீ கொடுத்தால் வாங்கினார். டீயில் ஆடை படிந்த பிறகு அதைப் பார்த்தார், பிறகு குடித்தார். ஒரு நாள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இந்தியா ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். யார் ஜெயித்தது என்று யுவராஜ் வந்து கேட்டபோது, "கவனிக்கலயே சாமி" என்றார். யுவராஜ் பயந்துபோனான்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் அவர் காட்டில் பறிப்பு. மிளகுக்கு இழவு தெரியாது, பழுத்தால் உதிர்ந்துவிடும். ஏணியில் ஏறினார். முதல் அரைமணி நேரம் பறிப்பு மட்டும்தான் நடந்தது.

பிறகு செல்லமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்ன சொல்லுங்க மச்சான், சச்சினுக்கு மேல ஆளு கிடையாதுங்க" என்றான்.

கருப்பண்ணன் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இருபது வருடத் தோனி கட்சிக்காரன், ஒரு காலையில், ஒரு நிபந்தனையும் இல்லாமல் சரணடைகிறான்.

"ஆமாங்க மாமா" என்றான் யுவராஜ் அடுத்த மரத்திலிருந்து. "கோலியெல்லாம் சும்மாங்க."

துக்கப்பட்ட மனுசனை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வரும் வழியில் இருவரும் முடிவு செய்திருந்தார்கள். நல்ல மனசு. ஆனால் பத்தொன்பது நாளாக உலகமே அவரிடம் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. சோறு வேணும் என்றால் எடுத்துவைத்தது, வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போனது. ஒரே ஒரு ஆள் 'இல்லை' என்று மறுத்துச் சொல்லிவிட்டால் தான் இன்னும் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது. அதற்குத்தான் ஏணியில் ஏறியிருந்தார்.

"சச்சின் கேப்டனா இருந்து என்னத்தக் கிழிச்சாரு?" என்று கேட்டார், தன் வாயாலேயே.

"அதுவும் சரிதானுங்க" என்றான் செல்லமுத்து.

"அப்பத் தோனிதான் பெரியவரு."

"நீங்க சொன்னாச் சரிங்க மச்சான்."

கருப்பண்ணன் சற்று நேரம் பறித்தார். பிறகு, "நம்ம தபால்காரர் பூபதி இருக்காரே, உலகத்துலயே பெரிய ஆட்டக்காரரு அவருதான்" என்றார்.

"யோசிச்சுப் பாத்தா," என்றான் யுவராஜ், "சரியாத்தானுங்க இருக்குது."

பூபதி ஒரு காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பவர்.

"அட, வாய மூடுங்க ரெண்டு பேரும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பானுமதி. மடியில் பொறுக்கிய மிளகோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சச்சினும் இல்ல, தோனியும் இல்ல. கும்ப்ளேதான்."

"பானு, ஏணியில இருக்கறவங்கதான்..." என்று செல்லமுத்து தொடங்கினான்.

"உங்க சட்டம் உங்களோட. இங்க கீழயும் இருவது வருசமாப் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். மேல என்னிக்காச்சும் காது குடுத்திருந்தாத் தெரியும்." பிறகு கருப்பண்ணனைப் பார்த்து, "அத்தாயி அக்காதாங்கண்ணா சொன்னாங்க. நானு டிராவிட்டுன்னேன். அக்கா கும்ப்ளேன்னாங்க. என்னால எதுத்துப் பேச முடியல."

கருப்பண்ணனின் முகத்தில் பத்தொன்பது நாளில் முதல் முறையாக ஏதோ அசைந்தது. எரிச்சல்.

"என்னத்துக்குக் கும்ப்ளே?"

"தாடை ஒடஞ்சுபோயி, தலையச் சுத்தித் துணியக் கட்டிக்கிட்டு வந்து பந்து போட்டாருல்ல? வெஸ்ட் இண்டீசுல? டிவியில எத்தன தடவ காட்டியிருக்கான்."

"பதினாலு ஓவரு. ஒரே ஒரு விக்கெட்டு."

"லாராவோடது" என்றாள் பானுமதி.

"யாருதா இருந்தா என்ன, ஒண்ணு ஒண்ணுதான். மேட்ச் டிரா. அம்மிணி, அடுத்த நாளு பிளேன் ஏறி ஊருக்கு வந்துட்டாரு. ஒரு நாள் கூலிய வெச்சு இருவத்துநாலு வருசத்துக் கணக்க எழுதலாமா? சச்சின் நூறு செஞ்சுரிங்க, நூறு! ஒடம்பு முடியலீன்னா உள்ள உக்கார வேண்டியதுதான? எதுக்கு வந்து போடறாரு?" ஏணி ஆடியது. செல்லமுத்து யுவராஜைப் பார்த்துச் சிரித்தான். மச்சான் திரும்பி வந்துவிட்டார்.

"இதேதான் நானும் அக்காகிட்டக் கேட்டேன்" என்றாள் பானுமதி. "மார்கழிக் கடைசியில, எங்க காட்டுல பறிக்கறப்ப. அக்கா வயித்துல துண்ட இறுக்கக் கட்டிக்கிட்டுப் பொறுக்கிக்கிட்டிருந்தாங்க. முடியலீன்னா ஊட்ல உக்காருங்கக்கான்னேன். கும்ப்ளே உக்காந்தாரான்னாங்க. அண்ணங்கிட்டச் சொன்னீங்களான்னு கேட்டேன். அவரு மேல சச்சினோட இருக்காரு, எறங்கட்டும்னாங்க."

செல்லமுத்து சிரிப்பை நிறுத்தினான்.

கருப்பண்ணன் சாக்கில் இன்னும் பாதி இடம் இருந்தது. சட்டப்படி அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். இந்த வாதத்துக்கும் பதில் இல்லாமல் போகாது. துண்டு வேறு, தாடைக்கட்டு வேறு என்று தொடங்கியிருக்கலாம். டிராவிட்டைக் கொண்டுவந்து பானுமதியைக் குழப்பியிருக்கலாம். இதைவிட மோசமான நிலையிலிருந்தெல்லாம் அவர் ஜெயித்திருக்கிறார்.

இலைகளுக்குள் கையை விட்டு ஒரு சரத்தைப் பறித்தார். அடுத்ததைத் தேடினார். கை அங்கேயே இருந்தது.

"சரி" என்றார்.

"என்னங்க மச்சான்?"

"பானு சொல்றதுதான் சரி. கும்ப்ளே."

யுவராஜுக்குப் பொறுக்கவில்லை. வரும் வழியில் செய்த முடிவு மறந்துபோய், "அதெப்படிங்க மாமா, மேட்ச் டிராதானுங்களே!" என்றான்.

"டிராதான்" என்றார் கருப்பண்ணன், பறித்துக்கொண்டே. "வலியோட வந்து போட்டாருல்ல."